கிடாரி வேணும்... பொண்ணு வேண்டாம்!

பொள்ளாச்சிச் சந்தையைத் தெரியாத விவசாயி கொங்கு நாட்டில் கிடையாது. செவ்வாயும் வியாழனும் மாடு கூடும் இடம். சினைமாட்டை விலை பேசுகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், மடியைத் தடவிப் பார்ப்பார். ஆனால், மனசுக்குள் ஓடுகிற கேள்வி வேறு. 'வயித்துல இருக்கறது கிடாரியா, காளைக் கன்னா?'

நியாயமான கேள்விதான். கிடாரி என்றால் மூன்று வருடத்தில் பால். காளைக் கன்று என்றால், டிராக்டர் வந்துவிட்ட காலத்தில், தீவனம்தான் செலவு!

இந்தக் கவலைக்கு இப்போது வழி வந்துவிட்டது. பாலினம் பிரித்த சினை ஊசி. போட்டால் பத்துக்கு ஒன்பது கிடாரி. தொழுவத்தில் பெண் பிறந்தால் கொண்டாட்டம்... ஆனால், நாலடி தள்ளி இருக்கும் வீட்டுக்குள்?

அங்கே வேண்டுதல் தலைகீழ். அதனால்தான் டெஸ்ட் ட்யூப் பேபி என்றதும், குழந்தை இல்லாதவர்கள் மட்டுமல்ல, இரண்டு பெண் குழந்தை பெற்றவர்களும் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். "வெளியில வெச்சே கருவை உருவாக்கறாங்களாமே... அப்படின்னா பையனாப் பார்த்து வெக்க முடியுமாங்க? சரியா வருமா? தாய்க்கும் புள்ளைக்கும் ஒண்ணும் ஆகாதே?"

கேள்வி மூன்று. பதில் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஆண் குழந்தை வேண்டும் என்ற ஆசைக்கு வயது ஆயிரக்கணக்கான வருடங்கள். உடம்பின் வலப்பக்கத்திலிருந்து ஆணும் இடப்பக்கத்திலிருந்து பெண்ணும் உருவாவதாகப் பண்டைய கிரேக்கர்கள் சிலர் நம்பினார்கள். நம் ஊரில் சடங்கு இருந்தது. பதினாறு சம்ஸ்காரங்களில் ஒன்றான 'பும்சவனம்', கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் செய்வது. அந்தப் பெயருக்கே ஆண் மகவைப் பெறுவது என்றுதான் பொருள்.

இந்தச் சரக்கை விற்பதில் ஒரு வசதி உண்டு. 'ஆண் பிறக்க மருந்து தருகிறேன். பெண் பிறந்தால் பணம் வாபஸ்!' என்று ஒருவர் கடை போடுகிறார் என்று வையுங்கள். மருந்து வெறும் வெல்லப்பாகுதான். நூறு பேர் வாங்கினால் ஐம்பது பேருக்கு எப்படியும் ஆண் பிறக்கும். அவர்கள் பணம் கல்லாவில். மீதிப் பேருக்கு நாணயமாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம். 'சொன்ன சொல் தவறாத வைத்தியர்' என்ற பெயரும் மிச்சம்!

உண்மையில் ஆணா, பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது எது? இதைச் சொல்ல ஒரு பெண் வர வேண்டியிருந்தது. நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி. 1905-ல் அவர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தது மனிதனை அல்ல, மாவில் நெளியும் ஒரு வண்டின் புழுவை. பெண் புழுவின் முட்டைகள் எல்லாம் ஒரே ரகம். ஆணின் விந்தணுக்களில் மட்டும் இரண்டு ரகம்: பாதியில் பெரிய குரோமோசோம், பாதியில் குட்டியாக ஒன்று. குட்டி வந்து சேர்ந்தால் ஆண். அதே வருடம் எட்மண்ட் வில்சன் என்பவரும் தனியாக இதே முடிவுக்கு வந்தார். மனிதனிடமும் இதே கதைதான். எக்ஸ் வந்தால் பெண், ஒய் வந்தால் ஆண். கொடுப்பது அப்பா!

ஆக, 'பொட்டையாப் பெத்துப்போட்டா' என்று மருமகளைக் கரித்துக்கொட்டும் மாமியார், நியாயப்படி மகனைத்தான் கேட்க வேண்டும். நூறு வருடம் தாண்டியும் இந்தச் செய்தி சில வீட்டுத் திண்ணைகளுக்குப் போய்ச் சேரவில்லை என்பது தனி சோகம்.

அடுத்த கட்டம் முயலில் நடந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ராபர்ட் எட்வர்ட்ஸும் ரிச்சர்ட் கார்ட்னரும் சில நாள் வயதான முயல் கருவை எடுத்து, அதன் வெளிப்புறச் செல்களில் துளியூண்டு கிள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். பெண் செல்லுக்குள் மட்டும் ஒரு கரும்புள்ளி தெரியும். இந்தப் புள்ளியை 1949-ல் கனடாவில் மர்ரே பார் என்பவர் பூனையின் நரம்புச் செல்களில் கண்டுபிடித்திருந்தார். ஆண், பெண் என்று பிரித்த கருக்களைத் தாய் முயல்களுக்குள் வைத்து, குட்டிகளும் பிறந்தன. 1968-ல் முடிவு வெளியானது.

எட்வர்ட்ஸ் என்ற பெயரைக் கவனித்தீர்களா? அதே எட்வர்ட்ஸ்தான் டாக்டர் பேட்ரிக் ஸ்டெப்டோவுடன் சேர்ந்து உலகின் முதல் டெஸ்ட் ட்யூப் குழந்தையான லூயிஸ் பிரவுனை 1978 ஜூலை 25-ம் தேதி பிறக்கவைத்தவர். 2010-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றவர். அதாவது, டெஸ்ட் ட்யூப் குழந்தை பிறப்பதற்குப் பத்து வருடம் முன்பே, கருவில் ஆண் பெண் பிரிக்கும் வித்தை கையில் வந்துவிட்டது!

லூயிஸ் பிறந்த அதே வருடம் அக்டோபர் 3-ம் தேதி கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நம்ப மறுத்து அவமானப்படுத்தினார்கள். 1981-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். நமக்குப் பக்கத்தில், சென்னையில், டாக்டர் கமலா செல்வராஜ் 1990-ல் தென்னிந்தியாவின் முதல் டெஸ்ட் ட்யூப் குழந்தையைப் பிறக்கவைத்தார்.

அதே 1990-ல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஆலன் ஹேண்டிசைட், ராபர்ட் வின்ஸ்டன் குழுவினர் மனிதக் கருவைப் பாலினம் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கர்ப்பப்பையில் வைத்திருந்தார்கள். இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அவர்கள் தேர்ந்தெடுத்தது ஆணை அல்ல... பெண்ணை!

காரணம், நோய். சில பரம்பரை நோய்கள் எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கும். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் என்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது பெரும்பாலும் காப்பாற்றிவிடும். ஆணுக்கு இருப்பதே ஒன்று. ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா, சிறுவர்களைச் சக்கர நாற்காலியில் தள்ளும் தசைச்சிதைவு நோய் எல்லாம் இந்த வகை. இப்படிப்பட்ட நோய்கள் உள்ள குடும்பங்களுக்கு அதுவரை ஒரே வழி, மாசக்கணக்கில் காத்திருந்து பரிசோதித்து, தேவைப்பட்டால் கலைப்பது. அந்தக் கொடுமையைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. முதலில் கர்ப்பமான இரண்டு தாய்மார்களுக்கும் இரட்டைப் பெண் குழந்தைகள்.

சரி, சரியாக வருமா என்ற கேள்விக்கு வருவோம்.

மூன்றாம் நாள் கருவில் மொத்தமே ஆறு அல்லது எட்டு செல்கள். அதில் ஒன்றைப் பிரித்து எடுத்து, ஒய் குரோமோசோமின் ஒரு துண்டைப் பெருக்கிப் பார்த்தார்கள். துண்டு தெரிந்தால் ஆண். தெரியாவிட்டால் பெண். ஓட்டை எங்கே இருக்கிறது, புரிகிறதா? பரிசோதனை தோற்றுப்போனாலும் எதுவும் தெரியாதே! அதுவும் 'பெண்' என்றுதானே கணக்கில் சேரும்? பயந்தபடியே ஆரம்ப வருடங்களில் ஓர் ஆண் கரு பெண் என்று தவறாகத் தேர்வானது. நோய்க்குப் பயந்து வந்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட இடி! அதன் பிறகுதான் எக்ஸ், ஒய் இரண்டுக்கும் தனித்தனி நிறம் ஒளிரும் முறைக்கு மாறினார்கள்.

இன்றைக்கு ஐந்தாம், ஆறாம் நாள்வரை காத்திருந்து, நூறு செல்லுக்கு மேல் வளர்ந்த கருவின் வெளியுறையிலிருந்து, அதாவது பின்னால் நஞ்சுக்கொடியாகப் போகிற பகுதியிலிருந்து, ஐந்தாறு செல்லை எடுக்கிறார்கள். பாலினத்தைச் சொல்வதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்குக் குறையாது. மிச்சம் இருக்கும் தவறு பெரும்பாலும் மனிதத் தவறு. லேபில் பெயர் மாறுவது, தட்டு மாறுவது. இன்னொன்றும் உண்டு. சிகிச்சை நடக்கும் அதே மாதத்தில் தம்பதி சேர்ந்திருந்து, இயற்கையாகவே ஒரு கரு தங்கிவிடுவது. லேபில் எவ்வளவு கவனமாகப் பார்த்து வைத்தும், பிறந்தது வேறு!

ஆபத்து? முதலில் தாய். குறை எதுவும் இல்லாத பெண்ணுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி. சிலருக்குச் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு, வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, ஆஸ்பத்திரியில் சேரவேண்டி வரும். பிறகு மயக்க மருந்து கொடுத்து, ஊசி குத்தி முட்டைகளை உறிஞ்ச வேண்டும். குழந்தை இல்லாதவர்கள் வேறு வழியின்றி ஏற்கும் துன்பம் இது. இயற்கையாகப் பெறக்கூடியவர் எதற்காகத் தாங்க வேண்டும்?

அடுத்தது கரு. 2013-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. மூன்றாம் நாளில் செல் எடுத்த கருக்களில் சுமார் 30 சதவிகிதம்தான் தங்கின. எடுக்காதவற்றில் 50 சதவிகிதம் தங்கின. ஐந்தாம் நாளில் எடுத்தால் அப்படிப் பெரிய நஷ்டம் தெரியவில்லை.

மூன்றாவது, கணக்கு. தோராயமாகப் போடுவோம். பத்து முட்டை எடுத்தால் ஏழெட்டு கருவாகும். ஐந்தாம் நாள்வரை தேறுவது மூன்று நான்கு. அதில் பாதி பெண். மீதியில் ஒன்றிரண்டு குரோமோசோம் கோளாறில் கழியும். கடைசியில் கையில் ஒன்று நிற்கலாம், ஒன்றுமே நிற்காமலும் போகலாம். அந்த ஒன்றும் தங்கினால்தான் உண்டு. பையன் வேண்டும் என்று வந்தவர் நல்ல பெண் கருக்களை எல்லாம் தள்ளிவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்ப முழு வாய்ப்பு இருக்கிறது.

அப்படியானால் அந்தச் சினை ஊசி? அது வேறு வழி. கருவைத் தொடாமல் விந்தணுவையே பிரிப்பது. மாட்டில் எக்ஸ் விந்தணுவில் ஒய்யைவிடச் சுமார் 4 சதவிகிதம் டி.என்.ஏ. கூடுதல். சாயம் ஏற்றி, லேசர் வெளிச்சத்தில் ஓடவிட்டால், கூடுதலாக இருப்பது கூடுதலாக ஒளிரும். அமெரிக்க விவசாயத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் லாரன்ஸ் ஜான்சன் 1989-ல் இப்படி முயல் குட்டிகளைப் பிறக்கவைத்தார். உடனே மனிதனுக்கும் முயன்றார்கள். மனிதனில் வித்தியாசம் இன்னும் சின்னது, 2.8 சதவிகிதம்தான். பெண் வேண்டுமென்றால் பத்துக்கு ஒன்பது, ஆண் வேண்டுமென்றால் நாலுக்கு மூன்று என்ற அளவில் நின்றது. அமெரிக்காவில் பரிசோதனையாகவே நடந்து, அரசு அனுமதி கிடைக்காமல் 2012-ல் அங்கே நின்றுபோனது. மாட்டுக்கு மட்டும் நிலைத்துவிட்டது.

இதுவரை சொன்னது அயல்நாட்டுக் கதை. நம் நாட்டில் இந்த ஆசை எந்தப் பாதையில் போனது?

1970-களின் மத்தியில் டெல்லி எய்ம்ஸில் பனிக்குட நீரை எடுத்துப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். நோக்கம், பரம்பரை நோய் கண்டுபிடிப்பது. வந்தவர்கள் கேட்டதோ, "பையனா, பொண்ணா?" விரைவிலேயே அரசு மருத்துவமனைகளில் அதற்குத் தடை விழுந்தது. தனியார் விடுவார்களா? 1979-ல் அமிர்தசரஸில் இதற்கென்றே கிளினிக் திறந்து விளம்பரமும் செய்தார்கள். இன்றைக்குச் சில நூறு செலவழித்தால், நாளை வரதட்சணையில் லட்சங்கள் மிச்சம் என்பது விளம்பரத்தின் சாரம்.

தமிழ்நாட்டில் பரிசோதனைக்குக்கூடக் காத்திருக்கவில்லை. 1980-களின் நடுவில் உசிலம்பட்டிக் கள்ளிப்பால் கதை பத்திரிகைகளில் வெளிவந்து நாட்டையே உலுக்கியது. உசிலம்பட்டிக்கு மட்டும் அந்தப் பழி போய்ச் சேர்ந்ததில் ஒரு அநியாயம் உண்டு. சேலம் வட்டாரத்தில் நிலைமை கொஞ்சமும் குறைவில்லை. 1991 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குச் சேலம் மாவட்டத்தில் 849 பெண் குழந்தைகள். மாநிலச் சராசரியே 948. வித்தியாசத்தைக் கழித்துப் பாருங்கள். ஆயிரத்துக்கு நூறு பெண் குழந்தைகள் எங்கே?

1992-ல் முதல்வர் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது சேலத்தில்தான். 'கொல்லாதே, எங்களிடம் கொடு' என்று ஓர் அரசாங்கம் தொட்டில் வைத்துக் காத்திருந்தது! 2001-ல் சேலத்தின் எண் 851. பத்து வருடத்தில் கூடியது இரண்டே இரண்டு. கள்ளிப்பால் குறைந்த இடத்தில் ஸ்கேன் வந்து உட்கார்ந்துவிட்டது.

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. பிறந்த குழந்தையைக் கொல்ல ஒரு கை வேண்டும். அந்தக் கை நடுங்கியிருக்கும். ஸ்கேன் வந்ததும் முகம் தெரியாத சிசு, மூடிய அறை, பாதி நடுக்கம் போயிற்று. லேப் கருவில் அதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால் போதும். முறை துல்லியமாக ஆக ஆக, பாதுகாப்பாக ஆக ஆக, மனசு உறுத்துவது குறைந்துகொண்டே வருகிறது. சரியாக வருமா, ஆபத்தில்லையா என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சரியாக வருவதுதான் இதில் பெரிய ஆபத்து!

சட்டம் இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது. 1994-ல் வந்து 1996 ஜனவரி முதல் அமலான சட்டம், வயிற்றில் இருக்கும் சிசுவைத்தான் நினைத்தது. கருவுக்கு முந்தைய வித்தைகள் அதில் இல்லை. 2000-ம் வருடத்தில் செஹாட், மாசூம் என்ற அமைப்புகளும் டாக்டர் சாபு ஜார்ஜும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட் குட்டியதில் அரசுகள் விழித்தன. 2003-ல் சட்டம் திருத்தப்பட்டு, விந்தணு, முட்டை, கரு எதிலும் பாலினம் தேர்ந்தெடுக்கக் கூடாது என்றானது. மீறினால் மூன்று வருடம்வரை சிறை. 2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் இன்னும் கடுமை. பாலினம் தேர்ந்தெடுத்துத் தருவதாக விளம்பரம் செய்தாலே ஐந்து முதல் பத்து வருடம்வரை சிறை, அல்லது பத்து முதல் இருபத்தைந்து லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். எக்ஸ் வழி வரும் நோய்களைத் தடுக்க மட்டும் கதவு திறந்திருக்கிறது. லண்டனில் எதற்காகத் தொடங்கினார்களோ, அதற்காக மட்டும்.

"ரெண்டு பொண்ணு இருக்குதுங்க. மூணாவதா ஒரு பையன் கேட்டா என்ன தப்பு?" இதையும் கேட்டுவிட்டார்கள். இரண்டு மகள்களைப் பெற்ற ஒரு தம்பதி பம்பாய் ஹைகோர்ட்டில் வழக்கே போட்டது. 2007-ல் கோர்ட் அதைத் தள்ளுபடி செய்தது. ஒரு குடும்பத்துக்கு நியாயமாகத் தெரிவது, லட்சம் குடும்பம் செய்யும்போது என்ன ஆகும் என்பதற்குப் பதில் தேடி கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. பொள்ளாச்சிக்கு வந்தால் போதும்.

கொங்கு நாட்டில் பல குடும்பங்கள் எப்போதோ சுருங்கிவிட்டன. நிலம் துண்டாகக் கூடாது, சீர்செனத்தி சமாளிக்க முடியாது என்று ஒன்றோ இரண்டோவோடு நிறுத்தியவர்கள் இவர்கள். நிறுத்துகிறபோது அந்த ஒன்று பையனாக இருக்க வேண்டும் என்ற ஆசை சேர்ந்துகொண்டது. அந்தப் பையன்கள் வளர்ந்து, தோப்பு, காடு, போர்வெல் எல்லாம் வைத்துக்கொண்டு முப்பத்தைந்து தாண்டி நிற்கிறார்கள். பெண் இல்லை! படித்த பெண்கள் தோட்டத்து மாப்பிள்ளையை ஒப்புவதில்லை என்பதும் காரணம்தான். ஆனால், பிறக்கவே விடாத பெண்கள் படிக்கவும் போவதில்லை, ஒப்புவதும் இல்லை.

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு பக்கம்தான். புரோக்கர்கள் அந்த எல்லையைத் தாண்டிப் போய்ப் பெண் பார்த்தார்கள். வரதட்சணை வாங்கிப் பழகிய வீடுகள், கல்யாணச் செலவைத் தாங்களே ஏற்று, மலையாளம் பேசும் மருமகளைக் கூட்டிவந்தன. கொங்கு மாப்பிள்ளைகள், கேரளப் பெண்கள் திருமணங்களைப் பற்றி ஆராய்ச்சியாளர் சாரதா ஸ்ரீனிவாசன் விரிவாகவே எழுதியிருக்கிறார். சாதி பார்த்தவர்கள் பார்ப்பதை விட்டார்கள் என்று மகிழலாம்தான். ஆனால், பாஷை தெரியாத ஊரில், சொந்தபந்தம் பக்கத்தில் இல்லாமல், ஒரு வீட்டின் தேவைக்காக வந்து நிற்கும் அந்தப் பெண்ணின் பக்கம் இருந்தும் பார்க்க வேண்டும். பெண் குறைந்தால் பெண்ணுக்கு மதிப்பு கூடும் என்பது சந்தைக் கணக்கு. வீட்டுக்குள் அப்படி நடப்பதாகத் தெரியவில்லை.

மாறவே மாறாதா? மாறும். தென் கொரியாவில் 1990-ல் நூறு பெண்ணுக்கு 116 ஆண் குழந்தைகள் பிறந்தன. இருபது வருடத்துக்குள் அது இயற்கை அளவுக்குத் திரும்பிவிட்டது. சேலத்திலும் 2011-ல் 851 என்பது 916 ஆக ஏறியது. அதற்குப் பிந்தைய நிலை தெரிய வேண்டிய 2021 கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டது. தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை என்று சட்டம் வந்தாயிற்று. கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்கச் சொல்லாமல், அந்தப் பங்கை உண்மையிலேயே கொடுத்த வீடுகளில் மகள் பாரமாகத் தெரிவதில்லை.

கடைசியாக ஒன்று. 1994 சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. கர்ப்பிணி ஒருத்தி இந்தப் பரிசோதனைக்கு வந்திருந்தால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை, கணவனோ உறவினரோ கட்டாயப்படுத்தித்தான் வந்தாள் என்று கோர்ட் எடுத்துக்கொள்ள வேண்டும். டெல்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர்களுக்கு நம் வீடுகளின் உள்ளறை அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது!